ஸ்டார்டியூ வேலியில் ஸ்மாப்பி நிறுவுவது எப்படி: மோட் உலகுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டை எரிக் பரோன் என்ற ஒரே மனிதர், படம், இசை, கதை, நிரல் என்று அத்தனையையும் தாமே செய்து, 2016 பிப்ரவரி 26 அன்று கணினிக்கு வெளியிட்டார். அதை விளையாடுபவர்கள் அன்று தொடங்கி இன்றுவரை தங்கள் கைச்சரக்கையும் அதில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். புதிய ஊர்க்காரர்கள், புதிய பயிர்கள், வேறு பாணியில் வரைந்த முகங்கள், எந்தப் பயிர் எத்தனை நாளில் விளையும் என்று காட்டும் சிறு பெட்டிகள் என அவை பல வகை. இப்படிச் சேர்ப்பவற்றுக்கு மோட் என்று பெயர். இவற்றில் பெரும்பாலானவை ஓடுவதற்கு ஸ்மாப்பி என்ற வெளிக்கருவி கணினியில் இருந்தாக வேண்டும். அதை முதன்முறையாக நிறுவப்போகிறவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நிறுவும் வேலை மட்டும் என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் என்னிடம் உதவி கேட்டு வந்தவர்களில் அநேகமாக எவருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் சிக்கல் வந்ததில்லை. அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஒரு நகலைச் செய்யாமல் விட்டதும், அதற்குப் பின்னால் திரையில் தோன்றும் கருப்புச் சாளரத்தைப் படிக்காமல் கடந்துபோனதுமே அவர்களைச் சிக்கலில் மாட்டிவிட்டிருந்தன. ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் சற்று அதிக நேரம் நிற்கப்போகிறேன். பொத்தான்களின் பெயர்களையும் கோப்புகளின் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

ஸ்மாப்பி என்பது என்ன

ஸ்டார்டியூ மோடிங் ஏ.பி.ஐ. என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் ஸ்மாப்பி. இது இலவசமானது, மூல நிரல் எவரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டது. விளையாட்டை உருவாக்கியவர் வெளியிட்டதல்ல, ஆர்வலர்கள் உருவாக்கிப் பராமரிப்பது. அதனால்தான் வெளிக்கருவி என்கிறோம். அதே நேரத்தில், விளையாட்டை உருவாக்கியவர் மோட்டுகளுக்கு எதிரானவர் அல்லர். 2024 மார்ச் 19 அன்று வந்த 1.6 பதிப்பில் மோட் எழுதுபவர்களுக்கு உதவும் மாற்றங்கள் ஏராளமாக இருந்தன.

ஸ்மாப்பி விளையாட்டின் மூலக் கோப்புகளைத் திருத்துவதில்லை என்பதைத்தான் புதியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அது முதலில் தான் கிளம்பி, பிறகு விளையாட்டைத் தன் வழியாகக் கிளப்பி, மோட்ஸ் என்ற கோப்புறையில் இருக்கும் மோட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றுகிறது. மாற்றங்கள் எல்லாம் விளையாட்டு ஓடும்போது கணினியின் நினைவகத்தில் நிகழ்கின்றன. எனவே ஸ்மாப்பி இல்லாமல் விளையாட்டைத் திறந்தால், பழைய விளையாட்டு பழையபடியே இருக்கும்.

முன்பு வேறொரு வழி இருந்தது. விளையாட்டின் கன்டென்ட் கோப்புறைக்குள் புகுந்து, எக்ஸ்.என்.பி. என்று முடியும் கோப்புகளை அழித்துவிட்டு வேறு கோப்புகளை அதே பெயரில் வைப்பார்கள். பழைய காணொளிகள் சில இன்னும் அந்த வழியைச் சொல்லித்தருகின்றன. தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். விளையாட்டு அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது அந்தக் கோப்புகள் பொருந்தாமல் போகும். எந்தக் கோப்பால் கோளாறு என்று கண்டுபிடிப்பதற்கும் வழியிருக்காது.

விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஸ்மாப்பி ஓடும். நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளில் ஓடாது. கீழே விண்டோஸ் கணினியில் ஸ்டீம் வழியாக விளையாட்டை வாங்கியவர்களை முதன்மையாக வைத்து எழுதுகிறேன். மற்றவர்களுக்கான வேறுபாடுகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

விளையாட்டை ஒரு முறை மோட் எதுவும் இல்லாமல் திறந்து, தலைப்புத் திரை வரை வந்து, மூடிவிடுங்கள். இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. விளையாட்டே சரியாகத் திறக்காத கணினியில் ஸ்மாப்பியை நிறுவிவிட்டு, பிறகு பழியை ஸ்மாப்பி மீது போட்டு நாள் கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, உங்கள் பண்ணையின் சேமிப்பை நகலெடுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ரன் என்ற சிறு கட்டம் திறக்கும். அதில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கில எழுத்தில், முன்னால் ஒரு விழுக்காட்டுக் குறி, பின்னால் ஒரு விழுக்காட்டுக் குறி வைத்து, இடைவெளி விடாமல் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். திறக்கும் இடத்தில் ஸ்டார்டியூவேலி என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் சேவ்ஸ் என்ற கோப்புறை. அதைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கோப்புறை, உங்கள் விவசாயியின் பெயர், ஓர் அடிக்கோடு, ஒரு நீண்ட எண் என்ற வடிவில் இருப்பதைக் காணலாம். சேவ்ஸ் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து, மேசைத்திரையிலோ பென் டிரைவிலோ ஒட்டிவையுங்கள். இடத்தை மாற்றிவிடக் கூடாது, நகலெடுக்க வேண்டும்.

ஸ்மாப்பியோடு சேவ் பேக்கப் என்ற சிறு மோட்டும் சேர்ந்தே வருகிறது. நீங்கள் விளையாடும் நாட்களில் அது தானாகவே சேமிப்புகளை நகலெடுத்து, விளையாட்டுக் கோப்புறைக்குள் சேவ்-பேக்கப்ஸ் என்ற இடத்தில் கடைசிப் பத்து நகல்களை வைத்திருக்கும். அது நல்ல காவல்தான். ஆனால் நிறுவுவதற்கு முந்தைய நிலையின் நகல் உங்கள் கையில் தனியாக இருப்பதற்கு அது மாற்றாகாது. பத்து நகல் சேர்ந்த பின் பழையவை கழிந்துபோகும் அல்லவா. இரண்டாம் ஆண்டுக் குளிர்காலம் வரை வளர்த்த ஒரு பண்ணையில் நான் ஒரு பெரிய மோட்டைச் சேர்த்து, சில வாரம் கழித்து அதை நீக்கினேன். பெட்டிகளைத் திறந்தபோது, அந்த மோட் தந்த பொருட்கள் இருந்த இடத்திலெல்லாம் குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டமும், எரர் ஐட்டம் என்ற பெயரும் நின்றன. தனியாக நகல் வைக்காததால் அந்தப் பண்ணையை அதன் பழைய நிலையில் நான் மறுபடி பார்க்கவேயில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும், நகல் எடுத்துவிட்டீர்களா என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

பதிவிறக்கமும் நிறுவலும்

ஸ்மாப்பியை அதன் சொந்தத் தளமான ஸ்மாப்பி.ஐஓ என்ற முகவரியிலிருந்து, அல்லது அங்கிருந்து இணைப்புத் தரப்பட்டிருக்கும் கிட்ஹப், நெக்ஸஸ் மோட்ஸ் ஆகிய தளங்களிலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். தேடுபொறியில் வரும் வேறு பதிவிறக்கத் தளங்கள் வேண்டாம். ஸ்மாப்பி என்பது கணினியில் ஓடும் ஒரு நிரல். அதன் பெயரில் வேறு எதையோ கொடுக்க நினைப்பவர்களுக்கு இடம் தரக் கூடாது.

கிடைப்பது ஒரு ஜிப் கோப்பு. அதை இருமுறை சொடுக்கினால் விண்டோஸ் அதன் உள்ளடக்கத்தைக் கோப்புறை போலவே திறந்து காட்டும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். பார்ப்பதற்குப் பிரிந்த கோப்புறை போல இருந்தாலும் அது இன்னும் கட்டிய மூட்டைதான். அதற்குள் இருந்தபடியே நிறுவியை இயக்கினால், ஜிப்புக்குள்ளிருந்து இயக்குகிறீர்கள், முதலில் பிரித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிடும். ஆகவே ஜிப் கோப்பின் மீது வலது சொடுக்குச் செய்து, எக்ஸ்ட்ராக்ட் ஆல் என்பதைத் தேர்ந்து, பதிவிறக்கக் கோப்புறையிலோ மேசைத்திரையிலோ பிரித்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் கோப்புறைக்குள் கொண்டுபோய்ப் பிரிக்க வேண்டாம்; எதை எங்கே வைக்க வேண்டும் என்பதை நிறுவியே பார்த்துக்கொள்ளும்.

பிரித்த கோப்புறையில் மூன்று இயங்குதளங்களுக்கும் மூன்று நிறுவிகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இன்ஸ்டால் ஆன் விண்டோஸ் என்ற கோப்பு. மேக் உள்ளவர்கள் இன்ஸ்டால் ஆன் மேக்ஓஎஸ் என்பதையும், லினக்ஸ் உள்ளவர்கள் இன்ஸ்டால் ஆன் லினக்ஸ் என்பதையும் எடுக்க வேண்டும். இன்டர்னல் என்ற கோப்புறையும் அங்கே இருக்கும். அது நிறுவியின் சொந்தத் தட்டுமுட்டு, அதைத் திறக்கத் தேவையில்லை.

கோப்பை இருமுறை சொடுக்கியதும், விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது என்று பொருள்படும் நீலப் பெட்டி ஒன்று வரலாம். அறியப்படாத வெளியீட்டாளரின் கோப்பு என்பதால் வரும் எச்சரிக்கை அது. சொன்ன தளத்திலிருந்துதான் எடுத்தீர்கள் என்பது உறுதியாக இருந்தால், மோர் இன்ஃபோ என்பதைச் சொடுக்கி, ரன் எனிவே என்பதை அழுத்தலாம். உறுதியில்லை என்றால் அதை அழித்துவிட்டு மறுபடி பதிவிறக்குங்கள்.

இப்போது எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு சாளரம் திறக்கும். சுட்டியால் அழுத்துவதற்கு அதில் பொத்தான் எதுவும் இருக்காது. எண்ணைத் தட்டி என்டர் அழுத்துவதுதான் பதில் சொல்லும் முறை. முதல் கேள்வி, எந்த நிறத்தில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பது. உங்கள் கண்ணுக்கு எது நன்றாகப் படிகிறதோ அதன் எண்ணைத் தாருங்கள். இரண்டாவது கேள்வி, விளையாட்டு இருக்கும் இடத்தைப் பற்றியது. பெரும்பாலும் நிறுவியே அதைக் கண்டுபிடித்து, முகவரியைக் காட்டி, 1 என்று எண்ணிட்டு வைத்திருக்கும். காட்டும் முகவரி தவறாக இருந்தாலோ, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னாலோ, ஸ்டீமில் விளையாட்டின் பெயர் மீது வலது சொடுக்குச் செய்து, மேனேஜ் என்பதற்குள் பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தால் சரியான கோப்புறை திறக்கும். அதன் மேல்பட்டையிலிருந்து முகவரியை நகலெடுத்து இங்கே ஒட்டலாம். மூன்றாவது கேள்வி, நிறுவ வேண்டுமா நீக்க வேண்டுமா என்பது. நிறுவ 1, நீக்க 2. நீங்கள் 1 என்று தட்டி என்டர் அழுத்தியதும் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

சாளரத்தை உடனே மூடிவிடாதீர்கள். ஸ்டீமுக்கான ஒரு நீண்ட வரி அதன் கடைசிப் பகுதியில் இருக்கும். மேற்கோள் குறிக்குள் ஸ்மாப்பியின் முழு முகவரியும், அதன் பின் விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே கமாண்ட் என்ற சொல்லும் உள்ள வரி அது. மேற்கோள் குறியில் தொடங்கிக் கடைசி விழுக்காட்டுக் குறி வரை சுட்டியால் தேர்ந்து நகலெடுங்கள். பிறகு ஸ்டீமில் விளையாட்டின் மீது வலது சொடுக்கு, ப்ராப்பர்டீஸ், ஜெனரல் என்று போனால், லாஞ்ச் ஆப்ஷன்ஸ் என்ற கட்டம் இருக்கும். அதில் ஒட்டிவிட்டுச் சாளரத்தை மூடுங்கள். சேமிப்பதற்குத் தனிப் பொத்தான் இல்லை. கையால் தட்டச்சு செய்ய முயலாதீர்கள். ஒரு மேற்கோள் குறி விடுபட்டாலும் விளையாட்டு திறக்காது.

இந்த வரியை ஒட்ட மறந்தால் ஸ்டீமில் பிளே அழுத்தும்போது மோட் இல்லாத பழைய விளையாட்டே திறக்கும். மோட் எதுவும் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, விளையாட்டோடு சேர்ந்து கருப்புச் சாளரம் ஒன்றும் திறக்கிறதா என்பதுதான். திறக்கவில்லை என்றால் ஸ்மாப்பி கிளம்பவேயில்லை என்று பொருள். விளையாட்டுக் கோப்புறையில் இருக்கும் ஸ்டார்டியூமோடிங்ஏபிஐ என்ற நிரலை நேரடியாகச் சொடுக்கியும் விளையாடலாம். ஆனால் ஸ்டீம் உங்கள் விளையாடிய நேரத்தையும் சாதனைகளையும் கணக்கில் கொள்ள வேண்டுமானால், வரியை ஒட்டிவிட்டு ஸ்டீம் வழியாகத் திறப்பதே நல்லது.

மேக்கிலும் லினக்ஸிலும் இந்த வேலை இல்லை. அங்கே நிறுவியே விளையாட்டைத் திறக்கும் கோப்பின் இடத்தில் தன்னுடையதை வைத்துவிடுகிறது, பழையதை வேறு பெயரில் பத்திரப்படுத்துகிறது. ஸ்டீம் டெக் என்பதும் லினக்ஸ்தான். ஜி.ஓ.ஜி. கேலக்ஸியில் வாங்கியவர்கள் விளையாட்டின் அமைப்புகளில் தனி நிரலாக ஸ்மாப்பியைச் சேர்த்து, அதை முதன்மையாக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் செயலி வழியாக நிறுவியவர்களுக்குக் கூடுதல் படிகள் உண்டு. அவற்றை விளையாட்டின் அதிகாரப்பூர்வ விக்கியில் உள்ள மோட் வழிகாட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருப்புச் சாளரத்தைப் படித்தல்

இப்போது பிளே அழுத்துங்கள். முதலில் கருப்புச் சாளரம், பிறகு விளையாட்டு. அந்தச் சாளரத்தை மூடினால் விளையாட்டும் மூடிக்கொள்ளும், ஆகவே அதைச் சிறிதாக்கி ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மோட் எதையும் சேர்க்காத இந்த முதல் முறையிலேயே அதை வரிவரியாகப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நல்ல நிலையில் அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்து வைத்திருந்தால், பிறகு கெட்டுப்போகும்போது வித்தியாசம் உடனே தெரியும்.

முதல் வரியில் ஸ்மாப்பியின் பதிப்பு எண்ணும், விளையாட்டின் பதிப்பு எண்ணும், உங்கள் இயங்குதளமும் இருக்கும். அடுத்து, மோட்டுகளை எங்கே வைக்க வேண்டும் என்ற கோப்புறை முகவரி. அதன் கீழே, எத்தனை மோட் ஏற்றப்பட்டன என்ற எண்ணிக்கையும் பெயர்களும். நீங்கள் எதையும் சேர்க்காவிட்டாலும், ஸ்மாப்பியோடு வரும் கன்சோல் கமாண்ட்ஸும் சேவ் பேக்கப்பும் அங்கே இருக்கும். அவற்றைக் கண்டு குழம்ப வேண்டாம், நீக்கவும் வேண்டாம்.

நிறங்களுக்கும் பொருள் உண்டு. சாம்பலும் வெள்ளையும் வெறும் தகவல். ஊதா நிறத்தில் வருவது, புதிய பதிப்பு வந்திருக்கிறது என்பது போன்ற அறிவிப்பு. எந்த மோட்டுக்கு, எந்த முகவரியில் என்பதையும் சேர்த்தே சொல்லும். மஞ்சள் எச்சரிக்கை. சிவப்பு பிழை. சிவப்பைக் கண்டதும் விளையாட்டை மூடி எல்லாவற்றையும் அழித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யாமல், அந்தச் சிவப்பின் முதல் வரியைத் தேடிப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் முதல் வரிகளில்தான் இருக்கும், கடைசி வரிகளில் இருப்பது அதன் விளைவு.

சென்ற ஆண்டு என் அக்கா மகள் ஒரே மாலையில் 27 மோட்டுகளைப் பதிவிறக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கோப்புறையில் போட்டுவிட்டு, "மாமா, எல்லாம் சிவப்பா வருது" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் எதையும் தொடாமல் சாளரத்தை மேலே உருட்டி, அவளையே படிக்கச் சொன்னேன். ஸ்கிப்ட் மோட்ஸ் என்ற தலைப்பின் கீழே, ஏற்றாமல் விட்ட மோட்டுகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணமும் இருந்தன. மூன்று வரி படித்ததும் அவளே நிறுத்திவிட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: நிறுவப்படாத வேறொரு மோட் தேவைப்படுகிறது. அடைப்புக்குறிக்குள் அதன் பெயரும் இருந்தது, கன்டென்ட் பேட்சர். அந்த ஒன்றைச் சேர்த்ததும் பட்டியல் ஏறக்குறைய காலியாகிவிட்டது. ஒரு மணி நேரமாக அவள் தேடிக்கொண்டிருந்த விடை, அந்த ஒரு மணி நேரமும் அவள் கண் முன்னாலேயே எழுதியிருந்தது.

முதல் மோட்

முதல் மோட்டாகப் பெரிய விரிவாக்கம் எதையும் எடுக்காதீர்கள். ஸ்டார்டியூ வேலி எக்ஸ்பாண்டட், ரிட்ஜ்சைட் வில்லேஜ் போன்றவை அருமையானவை. புதிய ஊர்களும் மனிதர்களும் அவற்றில் உண்டு. ஆனால் அவை வேறு பல மோட்டுகளின் மேல் நிற்பவை. இடையில் எது பிசகினாலும் புதியவர்களால் பிடிக்க முடியாது. அவற்றை ஒரு புதிய பண்ணையோடு, பிறகு தொடங்கலாம்.

முதலில் லுக்கப் எனிதிங் என்ற மோட்டை எடுக்கச் சொல்வேன். இது விளையாட்டில் எதையும் மாற்றாது; தகவல் மட்டும் காட்டும். ஆகவே நீக்கினாலும் பண்ணைக்கு ஒன்றும் ஆகாது. நெக்ஸஸ் மோட்ஸ் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, அந்த மோட்டின் பக்கத்தில் ஃபைல்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, மேனுவல் என்று குறித்த பதிவிறக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மோட் மேனேஜர் என்று இருப்பது வேறு ஒரு மென்பொருளுக்கானது.

ஜிப் கோப்பைப் பிரித்தால் உள்ளே அந்த மோட்டின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் மேனிஃபெஸ்ட்.ஜேசன் என்ற சிறு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டின் பெயர், பதிப்பு, அதற்கு வேண்டிய மற்ற மோட்டுகள் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும்; ஸ்மாப்பி மோட்டை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். அந்தக் கோப்புறையை முழுதாக எடுத்து விளையாட்டின் மோட்ஸ் கோப்புறைக்குள் வையுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் எடுத்து மோட்ஸ் கோப்புறையில் உதிரியாகக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு மோட்டுக்கும் அதன் கோப்புறைதான் வீடு.

விளையாட்டைத் திறங்கள். கருப்புச் சாளரத்தில் லுக்கப் எனிதிங் என்ற பெயர் ஏற்றப்பட்டவற்றின் பட்டியலில் இருக்க வேண்டும். பண்ணைக்குள் நுழைந்து, சுட்டியை ஒரு பயிரின் மீது வைத்து எஃப்1 அழுத்துங்கள். அது எப்போது அறுவடைக்கு வரும் என்ற விவரத்தோடு ஒரு தாள் விரியும். ஊர்க்காரர் மீது வைத்து அழுத்தினால் அவருக்கு எந்தப் பரிசு பிடிக்கும் என்பது தெரியும். மடிக்கணினிகள் பலவற்றில் எஃப்1 விசை ஒலியையோ ஒளியையோ மாற்றும் வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்; தாள் விரியவில்லை என்றால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பிறகு விவசாயியைத் தூங்கவையுங்கள். இந்த விளையாட்டு நாள் முடிந்து தூங்கும்போதுதான் சேமிக்கும். காலையில் சிக்கலின்றி எழுந்தால் மோட் சரியாக அமர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாவதாகக் கன்டென்ட் பேட்சரைச் சேர்த்துவிடுங்கள். தனியாக இருக்கும்போது அது எதையும் மாற்றிக் காட்டாது. மற்றவர்கள் செய்த படங்களையும் உரையாடல்களையும் வரைபடங்களையும் விளையாட்டில் பொருத்தும் வேலையை அது செய்கிறது. பெயரின் முன்னால் சதுர அடைப்புக்குள் சி.பி. என்று இருக்கும் கோப்புறைகள் எல்லாம் அதை நம்பி இருப்பவை. மூன்றாவதாக ஜெனரிக் மோட் கான்ஃபிக் மெனு. ஒவ்வொரு மோட்டின் அமைப்புகளும் கான்ஃபிக்.ஜேசன் என்ற கோப்பில் இருக்கும். அதைக் கையால் திருத்துவதற்குப் பதில், இந்த மோட் தலைப்புத் திரையில் ஒரு பல்சக்கரப் பொத்தானை வைத்து, அங்கேயே மாற்ற வழி செய்கிறது. ஆனால் அதை ஏற்கும்படி எழுதப்பட்ட மோட்டுகள் மட்டுமே அந்தப் பட்டியலில் தெரியும்.

அதன் பின் உங்கள் விருப்பம். ஒவ்வொரு முறையும் ஒன்றோ இரண்டோ சேர்த்து, விளையாட்டைத் திறந்து, சாளரத்தைப் பார்த்து, ஓர் இரவு தூங்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு மோட்டைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமானால் அழிக்க வேண்டியதில்லை. கோப்புறையின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும், ஸ்மாப்பி அதைக் கண்டுகொள்ளாது. புள்ளியை எடுத்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. கன்டென்ட் பேட்சரை நம்பியிருக்கும் பொதிகளில் இருப்பவை படங்களும் எழுத்துக் கோப்புகளும்தான். டி.எல்.எல். என்று முடியும் கோப்பு உள்ள மோட்டுகளோ முழு நிரல்கள். உங்கள் கணினியில் மற்ற எந்த நிரலும் செய்யக்கூடியதை அவையும் செய்ய முடியும். ஸ்மாப்பி அவற்றைச் சுற்றி வேலி போடுவதில்லை. எனவே பலர் பயன்படுத்தி, தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வரும் மோட்டுகளையே தேர்ந்தெடுங்கள். நண்பர் அனுப்பிய ஜிப் கோப்பை அப்படியே போடாதீர்கள்.

தமிழில் விளையாட முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. விளையாட்டின் அதிகாரப்பூர்வ மொழிகளில் தமிழ் இல்லை. ஆயினும் 1.5.5 பதிப்பிலிருந்து மோட் வழியாகப் புதிய மொழியைச் சேர்க்க விளையாட்டே வாசல் திறந்து வைத்திருக்கிறது, அந்த வழியும் கன்டென்ட் பேட்சர் வழியாகவே போகிறது. மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புதுப்பித்தலும் நீக்குதலும்

விளையாட்டின் பதிப்பு மாறினால் ஸ்மாப்பியும் மோட்டுகளும் அதற்கேற்ப மாற வேண்டும். 1.6 வந்த அதே நாளில் ஸ்மாப்பி 4.0 வந்துவிட்டது, ஆனால் பழைய மோட்டுகள் பல அதற்கேற்பத் திருத்தப்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரிய பதிப்பு வரும்போது அவசரப்படாமல், ஸ்மாப்பி.ஐஓ தளத்தில் உள்ள பொருத்தப் பட்டியலில் உங்கள் மோட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஓடுமா, மாற்று உண்டா என்பது அங்கே இருக்கும். ஸ்மாப்பியைப் புதுப்பிக்கப் பழையதை நீக்க வேண்டியதில்லை. புதிய நிறுவியை அதே முறையில் இயக்கினால் அது பழையதன் மேல் அமர்ந்துகொள்ளும். மோட்டைப் புதுப்பிக்கும்போதும் புதிய கோப்புறையைப் பழையதன் மீது வைக்கலாம்; மோட்டின் பக்கத்தில் பழையதை அழிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அழியுங்கள், அதற்கு முன் கான்ஃபிக்.ஜேசனை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்களால் தீர்க்க முடியாத பிழை வந்தால், திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவது எவருக்கும் உதவாது. முன்பு சொன்ன ஆப்டேட்டாவில் ஸ்டார்டியூவேலி கோப்புறைக்குள் எரர்லாக்ஸ் என்ற கோப்புறை இருக்கிறது. அதில் ஸ்மாப்பி-லேட்டஸ்ட் என்ற கோப்பில் கடைசியாக விளையாடியபோது நடந்த அத்தனையும் பதிவாகியிருக்கும். அதை ஸ்மாப்பி.ஐஓ தளத்தின் லாக் பக்கத்தில் ஏற்றினால் ஓர் இணைப்புக் கிடைக்கும். எந்த மோட், எந்தப் பதிப்பு, எங்கே பிழை என்பதை அந்தப் பக்கம் ஒழுங்காகப் பிரித்துக் காட்டும். உதவி கேட்கும்போது அந்த இணைப்பையும், பிழை வருவதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லாம் போதும் என்று தோன்றினால் அதே நிறுவியைத் திறந்து, மூன்றாவது கேள்விக்கு 2 என்று பதில் தந்தால் ஸ்மாப்பி நீங்கிவிடும். ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் கட்டத்தில் ஒட்டிய வரியையும் மறக்காமல் அழியுங்கள். இல்லாவிட்டால், நீங்கிப்போன நிரலை ஸ்டீம் தேடிக்கொண்டு நிற்கும். மோட்ஸ் கோப்புறையில் நீங்கள் சேர்த்தவை மிச்சமிருந்தால், வேண்டாதபோது கையால் அழித்துக்கொள்ளலாம். மோட் பொருட்கள் நிறைந்த பண்ணையை மோட் இல்லாத விளையாட்டில் திறப்பதற்கு முன், சேவ்ஸ் கோப்புறையை இன்னொரு முறை நகலெடுத்து வையுங்கள்.